சிறுநீரக அழற்சியும் தூது மூலக்கூறுகளும்: இரு நூற்றாண்டு வரலாறு

இரத்தத்தை வடிகட்டிக் கழிவைப் பிரிக்கும் வேலை ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் கிளாமருலஸ்களில் நடக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் சுருண்டு அமைந்த முடிச்சே கிளாமருலஸ். அதன் சுவர் நீரையும் யூரியா போன்ற சிறு பொருள்களையும் வெளியே விடும். இரத்த அணுக்களையும் ஆல்புமின் போன்ற புரதங்களையும் உள்ளேயே நிறுத்தும். இந்த முடிச்சு அழற்சியால் சிதைவதைக் கிளாமருலோநெஃப்ரைடிஸ் என்பார்கள். அப்போது சிறுநீரில் புரதமும் இரத்தமும் இறங்கும். முகமும் காலும் வீங்கும். இரத்த அழுத்தம் ஏறும். நோய் கட்டுப்படாவிட்டால் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும்.

இந்தச் சிதைவைப் பெரும்பாலும் உடலின் சொந்த நோய் எதிர்ப்பு அமைப்பே செய்கிறது. அந்த அமைப்பின் அணுக்களை அழைப்பதும் ஏவுவதும் அடக்குவதும் சில சிறு புரதங்கள். சைட்டோகைன்கள், கீமோகைன்கள், காம்ப்ளிமென்ட் எனும் புரதத் தொகுதியிலிருந்து பிரியும் துண்டுகள் ஆகிய இவற்றைத் தூது மூலக்கூறுகள் எனலாம். நோயின் இருப்பிடம் சிறுநீரகம் என்று மருத்துவர்கள் கண்டதற்கும், இந்தத் தூதை மறிக்கும் மருந்து நோயாளியின் கைக்கு வந்ததற்கும் இடையே இரு நூற்றாண்டுகள் ஓடின.

லண்டனில் தொடங்கிய தேடல்

சிறுநீரகத்துக்குள் நுண்ணிய முடிச்சுகள் இருப்பதை இத்தாலியரான மார்ச்செல்லோ மால்பிகி 1666இல் நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். ஆனால் உடல் வீக்கத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பு அதற்குப் பிறகும் நெடுங்காலம் தெளிவாகவில்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1827இல் வெளியிட்ட நோயாளர் அறிக்கைகளே அதை உறுதிசெய்தன. உடல் வீங்கியவர்களின் சிறுநீரை அவர் சோதித்தார். இறந்தவர்களின் உடலைத் திறந்து சிறுநீரகத்தைப் பார்த்தார். வீக்கம், சிறுநீரில் புரதம், கெட்டுப்போன சிறுநீரகம் ஆகிய மூன்றும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே காணப்பட்டன.

அவர் கையாண்ட சோதனை எளியது. கரண்டியில் சிறிது சிறுநீரை எடுத்து மெழுகுவத்திச் சுடரின் மேல் காட்ட வேண்டும். அதில் ஆல்புமின் இருந்தால், சூடேறும்போது முட்டையின் வெள்ளைக்கரு போல வெண்மையாகத் திரளும். ஜான் போஸ்டாக் என்ற வேதியியல் அறிந்த மருத்துவர் அந்தச் சிறுநீரையும் இரத்தத்தையும் பகுத்தாய்ந்து உதவினார். 1842இல் கைஸ் மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளுக்கென இரண்டு வார்டுகள் ஒதுக்கப்பட்டு, பக்கத்திலேயே சோதனைக்கூடமும் அமைந்தது. அதே ஆண்டில் வில்லியம் பௌமன், கிளாமருலஸைச் சூழ்ந்த கிண்ணத்தையும் அதிலிருந்து புறப்படும் நுண்குழலையும் விளக்கினார்.

பிரைட் நோய் என்ற பெயர் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் வழக்கில் இருந்தது. ஆனால் நோய் ஏன் வருகிறது என்பதற்குக் குளிரையும் மதுவையும் காரணம் காட்டுவதைத் தாண்டி அன்றைய மருத்துவத்தால் போக முடியவில்லை. ஒரு தடயம் மட்டும் எல்லாருடைய கண்ணிலும் பட்டது. ஸ்கார்லெட் காய்ச்சல் வந்த குழந்தைகளில் சிலருக்கு, காய்ச்சல் தணிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து முகம் வீங்கிச் சிறுநீர் சிவந்தது.

இடைவெளி சொன்ன செய்தி

அந்த இரண்டு மூன்று வார இடைவெளியின் பொருளை வியன்னாவின் குழந்தை மருத்துவர்களான கிளெமன்ஸ் ஃபான் பிர்கேயும் பேலா ஷிக்கும் உணர்ந்தார்கள். அக்காலத்தில் டிப்தீரியா வந்த குழந்தைகளுக்குக் குதிரையின் சீரத்தை ஊசியில் ஏற்றுவது வழக்கம். ஊசி போட்டு ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு நாளில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி, வீக்கம் வந்தன. சீரம் நஞ்சாக இருந்திருந்தால் அது உடனே வேலை செய்திருக்கும். குழந்தையின் உடல் அந்த அயல் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உருவாக்க எடுத்துக்கொண்ட நாள்களே அந்த இடைவெளி என்று இருவரும் 1905இல் வெளியான சீரம் நோய் பற்றிய நூலில் வாதிட்டார்கள். ஸ்கார்லெட் காய்ச்சலுக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சியையும் ஷிக் இதே கண்ணோட்டத்தில் விளக்கினார். பாதுகாக்க வேண்டிய எதிர்ப்பே நோயை உண்டாக்கக் கூடும் என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

ஸ்கார்லெட் காய்ச்சலை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையைத் தாக்கி ஒன்று முதல் மூன்று வாரத்தில், அல்லது தோலில் சிரங்காக வந்து மூன்று முதல் ஆறு வாரத்தில், இந்த அழற்சி தோன்றும் என்று பின்னாளில் தெளிவானது. சிரங்கு மிகுந்த வெப்ப நாடுகளில், தமிழகம் உட்பட, குழந்தைகளின் திடீர்ச் சிறுநீரக அழற்சிக்குத் தோல் புண் ஒரு முக்கியக் காரணமாக இருந்துவந்துள்ளது.

எதிர்ப்பொருளால் சிறுநீரகம் கெடும் என்பதை விலங்குகளில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் ஜப்பானின் சிபா நகர நோயியலாளர் மதாஸோ மசுகி. 1930களின் முற்பகுதியில் அவர் எலியின் சிறுநீரகத்தை அரைத்து முயலுக்குச் செலுத்தினார். அதற்கு எதிராக முயலின் இரத்தத்தில் உருவான எதிர்ப்பொருள் அடங்கிய சீரத்தை எடுத்து எலிகளுக்கு ஏற்றினார். எலிகளுக்கு மனித நோயை ஒத்த அழற்சி வந்தது. முயல் சிறுநீரகத்தை வாத்துக்குச் செலுத்தி, வாத்தின் சீரத்தை முயலுக்கு ஏற்றியபோது நோய் சில நாள் தாமதித்து வந்தது. அந்தத் தாமதம், வாத்தின் புரதத்துக்கு எதிராக முயலே எதிர்ப்பொருள் தயாரிக்க எடுத்த காலம் என்பது 1940இல் தெரிந்தது. பின்னாளில் தூது மூலக்கூறுகள் பலவற்றை ஆய்ந்ததும் மசுகியின் இந்த மாதிரியில்தான்.

ஊசியும் ஒளிரும் சாயமும்

உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்தில் நடப்பதைப் பார்க்க வழி பிறந்தது 1950களில். கோபன்ஹேகனில் பவுல் இவர்சனும் கிளாஸ் புருனும் ஊசியால் சிறுநீரகத் திசுவை எடுத்த அனுபவத்தை 1951இல் வெளியிட்டார்கள். சிகாகோவில் ராபர்ட் கார்க்கும் ராபர்ட் மியூர்க்கியும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து எடுக்கும் முறையை 1954இல் செம்மைப்படுத்தினார்கள். அந்த பயாப்ஸி முறையே பின்னர் உலகெங்கும் பரவியது.

எடுத்த திசுவில் எதிர்ப்பொருளைக் காட்டியது ஆல்பர்ட் கூன்ஸ் 1940களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் உருவாக்கிய ஒளிர்சாய முறை. எதிர்ப்பொருளோடு பிணைத்த சாயம் புற ஊதா ஒளியில் பச்சையாக மின்னும். அந்த ஒளியில் கிளாமருலஸ் இரு விதமாகத் தெரிந்தது. சில நோயாளிகளிடம் இரத்தக் குழாய்ச் சுவர் நெடுகிலும் பச்சைக் கோடு இழையறாமல் ஓடியது. வேறு சிலரிடம் மணல் தூவியது போலப் பச்சைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன.

கோட்டுக்கு விளக்கம் 1967இல் கிடைத்தது. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துத் தாக்கும் குட்பாஸ்சர் நோயாளிகளின் சிறுநீரகத்திலிருந்து லெர்னர், கிளாசாக், டிக்சன் ஆகியோர் எதிர்ப்பொருளைப் பிரித்துக் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். குரங்குகளுக்கும் அழற்சி வந்தது. சிறுநீரகச் சுவரையே குறிவைக்கும் எதிர்ப்பொருள் மனிதரிடம் உண்டாகிறது என்பது உறுதியானது. புள்ளிகளுக்கான விளக்கத்தை ஃபிராங்க் டிக்சனின் குழு முயல்களிடம் கண்டது. மாட்டின் ஆல்புமினை முயலுக்குச் செலுத்தினால், எதிர்ப்பொருள் உருவாகி அந்தப் புரதத்தோடு கூடித் தொகுப்பாகும் நாள்களில் கிளாமருலஸ் அழன்றது. 1968இல் பாரிஸில் ழான் பெர்ழேவும் நிக்கோல் அங்லேவும் இதே ஒளிர்சாய முறையால், ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருள் கிளாமருலஸில் படியும் ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதியை அடையாளம் கண்டார்கள். உலகில் மிகுதியாகக் காணப்படும் கிளாமருலஸ் அழற்சி இன்று அதுவே.

எதிர்ப்பொருள் மட்டும் போதாது

எதிர்ப்பொருள் படிந்தால் சுவர் கெடும் என்பது அக்காலத்துக்கு நிறைவான விடையாகத் தோன்றியது. ஆனால் ஒரே அளவு எதிர்ப்பொருள் படிந்திருந்தும் ஒருவருக்குச் சிறுநீரகம் வாரங்களில் செயலிழந்தது. இன்னொருவருக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. இந்த வேறுபாட்டுக்கான முதல் தெளிவான விடையை 1965இல் காக்ரேன், உனானுவே, டிக்சன் ஆகியோரின் சோதனைகள் தந்தன. நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்களை முன்கூட்டியே நீக்கிய விலங்குகளில், எதிர்ப்பொருள் சுவரில் படிந்த பிறகும் புரதம் வெளியேறுவது வெகுவாகக் குறைந்தது. காம்ப்ளிமென்ட் குறைக்கப்பட்ட விலங்குகளில் நியூட்ரோஃபில்கள் கிளாமருலஸுக்குத் திரண்டு வருவதே குறைந்தது. எதிர்ப்பொருள் இடத்தைக் குறிக்கிறது. அழைப்பு வேறொன்றிலிருந்து போகிறது. அழைப்பைக் கேட்டு வரும் அணுக்களே சுவரைச் சிதைக்கின்றன.

அழைப்பு எது என்ற தேடல் காம்ப்ளிமென்ட் பக்கம் திரும்பியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல் போர்டே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்த இந்தப் புரதத் தொகுதியில், ஒரு புரதம் உடைந்து அடுத்ததை உடைக்கும். அந்தத் தொடரில் சி5 என்ற புரதம் உடையும்போது சி5ஏ என்ற சிறு துண்டு பிரிகிறது. வெள்ளணுக்களை ஈர்ப்பது இந்தத் துண்டு என்று 1960களின் இறுதியில் தெரிந்தது. 1965இல் கிளார்க் வெஸ்ட்டின் குழு நாள்பட்ட அழற்சி கொண்ட குழந்தைகளிடம் சி3 புரதம் தொடர்ந்து குறைந்திருப்பதைக் காட்டியது. சி3ஐ ஓயாமல் உடையச் செய்யும் ஒரு காரணி அவர்களின் இரத்தத்தில் இருப்பது 1969இல் வெளியானது. அது எதிர்ப்பொருள் வகையைச் சேர்ந்தது என்று பின்னர் தெளிவானது.

தூதுவர்களுக்குப் பெயர்

வெள்ளணுக்கள் வளர்ந்த பாத்திரத்தின் திரவத்தை வேறு அணுக்கள் மீது ஊற்றினால் அவற்றின் போக்கு மாறுவதை 1960களிலும் 70களிலும் பல ஆய்வகங்கள் கண்டன. ஒரே பொருளுக்கு ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு பெயர் வைத்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மாட்டிங்கனில் கூடிய அறிஞர்கள் இன்டர்லூகின் என்ற பெயரை வகுத்து 1, 2 என எண்ணிட்டார்கள். 1957இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்ட இன்டர்ஃபெரானும், 1975இல் பெயர்பெற்ற டி.என்.எஃப். என்ற கட்டி நசிவுக் காரணியும் இதே குடும்பத்தில் சேர்ந்தன. 1984இல் இன்டர்லூகின்-1, டி.என்.எஃப். ஆகியவற்றின் மரபணுக்களும் 1986இல் இன்டர்லூகின்-6இன் மரபணுவும் பிரித்தெடுக்கப்பட்டன. தூய தூது மூலக்கூறை வேண்டிய அளவு தயாரிக்கவும், அதை மறிக்கும் எதிர்ப்பொருளை உருவாக்கவும் அதனால் வழி பிறந்தது.

இதையடுத்துச் சிறுநீரகம் பற்றிய பார்வை மாறியது. கிளாமருலஸின் இரத்தக் குழாய்களைத் தாங்கி நிற்கும் மெசாஞ்சியல் அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்தபோது, அவையே இன்டர்லூகின்-6ஐயும், மோனோசைட் எனும் வெள்ளணுக்களை ஈர்க்கும் எம்.சி.பி-1 என்ற கீமோகைனையும் சுரப்பது தெரிந்தது. அதுவரை தாக்கப்படும் உறுப்பாக மட்டுமே கருதப்பட்ட சிறுநீரகம், தாக்குதலின் அளவைத் தீர்மானிப்பதில் பங்கெடுக்கிறது என்பது புலனானது. சுண்டெலிகளில் 2003இல் நடந்த ஆய்வு இதை மேலும் வலுப்படுத்தியது. கடுமையான அழற்சியில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் டி.என்.எஃப். பெரும்பாலும் சிறுநீரகத்தின் சொந்த அணுக்களிலிருந்தே வந்தது.

அழற்சியின் கடுமையான வடிவத்தில் தூது மூலக்கூறுகளின் கூட்டு வேலை தெளிவாகத் தெரியும். முதலில் சி5ஏயும் கீமோகைன்களும் நியூட்ரோஃபில்களை இழுக்கின்றன. அவை கக்கும் நொதிகளும் வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளும் குழாய்ச் சுவரைக் கிழிக்கின்றன. கிழிசல் வழியே, இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற புரதம் கிளாமருலஸைச் சூழ்ந்த பௌமன் கிண்ணத்துக்குள் சேர்கிறது. எம்.சி.பி-1 அழைத்துவந்த மோனோசைட்டுகள் மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கணுக்களாகி அங்கே நுழைந்து இன்டர்லூகின்-1ஐயும் டி.என்.எஃப்.ஐயும் வெளியிடுகின்றன. கிண்ணத்தை உள்வரிசையாக மூடியிருக்கும் அணுக்கள் பெருகி, கிளாமருலஸை ஒரு பக்கமாக நெருக்கும் பிறை வடிவம் உண்டாகிறது. பயாப்ஸியில் பாதிக்கும் மேற்பட்ட கிளாமருலஸ்களில் பிறை இருந்தால், உடனே சிகிச்சை தொடங்காதபோது சிறுநீரகம் சில வாரங்களில் அல்லது மாதங்களில் செயலிழந்துவிடும். இறுதியில் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற மூலக்கூறு நார்த்திசுவைப் படியச்செய்து புண்ணைத் தழும்பாக்குகிறது. அதை மறித்தால் எலிகளில் இந்தப் படிவு குறைவதை 1990இல் வெய்ன் பார்டரின் குழு காட்டியது. 1990களில் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் அட்கின்ஸின் குழு, இன்டர்லூகின்-1ஐ மறித்தால் எலிகளில் பிறைகள் குறைவதைக் கண்டது.

நோய் எதிர்ப்பை வழிநடத்தும் டி அணுக்களின் பங்கும் படிப்படியாக விளங்கியது. கிளாமருலஸ் அழற்சியில் இன்டர்ஃபெரான்-காமாவை வெளியிடும் டி அணுக்களின் பங்கு முதலில் தெரிந்தது. இன்டர்லூகின்-17ஐ வெளியிடும் இன்னொரு வகை, மசுகி மாதிரியின் சுண்டெலி வடிவத்தில் நோயைக் கடுமையாக்குவதை 2009இல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆய்வகத்திலிருந்து நோயாளிக்கு

தூது மூலக்கூறுகளின் பெயர் தெரியாத காலத்திலேயே அவற்றை அடக்கும் மருந்து பயன்பாட்டில் இருந்தது. 1950களில் வந்த ஸ்டீராய்டுகள் பல சைட்டோகைன்களின் உற்பத்தியை ஒருசேரக் குறைக்கின்றன. 1970களில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு சேர்ந்தபோது, முன்பு சில மாதங்களில் உயிரைப் பறித்த இரத்தக் குழாய் அழற்சிகள் கட்டுக்குள் வந்தன. ஆனால் நோயை ஏவும் தூதோடு, கிருமியை எதிர்க்கும் தூதையும் இந்த மருந்துகள் அடக்குகின்றன. ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதிக்கு ஸ்டீராய்டு தந்து இந்தியாவும் பங்கேற்ற டெஸ்டிங் என்ற பன்னாட்டு ஆய்வு இதற்குச் சான்று. மருந்து பெற்றவர்களில் 14.7 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 3.2 சதவீதம் பேருக்கும் கடுமையான பாதிப்புகள் வந்ததால், சேர்க்கை 2015இல் நிறுத்தப்பட்டது. பின்னர் அளவைக் குறைத்து, நிமோனியா வராமல் தடுக்கும் மருந்தும் சேர்த்துத் தந்தபோது, பாதிப்புகள் குறைந்து சிறுநீரகத்துக்கு நன்மை கிடைத்தது 2022இல் உறுதியானது.

ஒரே ஒரு தூதை மறித்தால் போதும் என்ற நம்பிக்கையும் தடுமாறியது. இரத்தக் குழாய் அழற்சியில் ஆன்கா எனும் எதிர்ப்பொருள் நியூட்ரோஃபில்களை ஏவுகிறது, டி.என்.எஃப். முன்கூட்டித் தயார்செய்த நியூட்ரோஃபில்களே அதற்கு வலுவாக எதிர்வினை ஆற்றுகின்றன என்று 1990இல் அமெரிக்காவில் ரொனால்ட் ஃபாக் குழு கண்டது. எனவே டி.என்.எஃப்.ஐ மறிக்கும் எட்டானர்செப்ட் மருந்து பயன்தரும் என எதிர்பார்த்தார்கள். 2005இல் வெளியான ஆய்வில் அந்த மருந்து நோய் அடங்கிய நிலையைக் காக்கவில்லை. மருந்து பெற்றவர்களில் ஆறு பேருக்குப் புற்றுநோய்க் கட்டிகள் வந்தன, மற்றக் குழுவில் ஒருவருக்கும் வரவில்லை. டி.என்.எஃப்.ஐ ஏற்கும் இரு ஏற்பிகளில் இரண்டாவதே கிளாமருலஸ் அழற்சிக்கு இன்றியமையாதது என்று அதே ஆண்டில் சுண்டெலி ஆய்வு ஒன்று காட்டியது. மூலக்கூறின் பெயரோடு, அது எந்த ஏற்பியில், எந்த அணுவில், நோயின் எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும் என்ற பாடத்தை அந்த ஆண்டு தந்தது.

அந்தப் பாடத்துக்குப் பின் வந்த மருந்துகள் குறுகிய இலக்கை நோக்கிச் சென்றன. உடலின் எதிர்ப்பு அமைப்பே பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோயில், எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி அணுக்களை வாழவைக்கும் பாஃப் என்ற சைட்டோகைனை மறிப்பது பெலிமுமாப். லூபஸ் சிறுநீரக அழற்சி கொண்ட 448 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்களில் 43 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 32 சதவீதம் பேருக்கும் இரண்டு ஆண்டு முடிவில் நல்ல பலன் தெரிந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் தந்தது. சி5ஏயின் ஏற்பியை மறிக்கும் அவகோபான் 2021இல் ஆன்கா இரத்தக் குழாய் அழற்சிக்கு அங்கே ஒப்புதல் பெற்றது. காம்ப்ளிமென்ட் தொடரின் பி காரணியைத் தடுக்கும் இப்டகோபான், ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி நோயாளிகளின் சிறுநீரில் இறங்கும் புரதத்தை ஒன்பது மாதத்தில் ஒப்பீட்டுக் குழுவைவிட 38.3 சதவீதம் குறைத்தது. 2024 ஆகஸ்டில் அந்த நோய்க்கும், 2025 மார்ச்சில் சி3 புரதம் கிளாமருலஸில் படியும் சி3 கிளாமருலோபதிக்கும் அது அங்கே ஒப்புதல் பெற்றது. காம்ப்ளிமென்ட்டைத் தடுத்தால் மெனிஞ்சோகாக்கஸ் போன்ற கிருமிகளின் அபாயம் கூடுவதால், தடுப்பூசி போட்ட பிறகே இத்தகைய மருந்தைத் தொடங்குகிறார்கள்.

எலிகளில் நம்பிக்கை தந்த எல்லாம் மனிதரிடம் பலிக்கவில்லை. டி.ஜி.எஃப்-பீட்டாவை மறித்து நீரிழிவுச் சிறுநீரகத் தழும்பைத் தடுக்கும் முயற்சி பயனின்மையால் நின்றது. பலித்த மருந்துகளும் விலை மிகுந்தவை; ஸ்டீராய்டே இன்னும் பெரும்பாலான நாடுகளில் சிகிச்சையின் அடித்தளம்.

பிரைட் காலத்தில் ஒரே பெயரில் அழைத்த நோய் இன்று பல நோய்கள். அவற்றைப் பிரிப்பது எந்த எதிர்ப்பொருள் படிந்தது, எந்தத் தூது ஓங்கியது என்ற கணக்கு. அந்தக் கணக்கு பயாப்ஸியாலும் இரத்தப் பரிசோதனையாலும் தெரிந்த பிறகே மருந்தைத் தேர்வது சரியான சிகிச்சை. சிறுநீரில் புரதமோ இரத்தமோ தெரிந்தவர்கள் சிறுநீரக மருத்துவரிடம் காலம் தாழ்த்தாமல் போக வேண்டும். தழும்பு விழுந்துவிட்ட கிளாமருலஸை மீட்கும் மருந்து இதுவரை இல்லை.